பஸ் பாட்டுப் பொண்ணுங்க

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் யாராவது என்னை உற்றுப் பார்த்தால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். "நீ அந்த பஸ் பாட்டுப் பொண்ணுதானே?" முன்பு ஆமாம் என்று சொல்லிச் சிரிப்பேன். பிறகு கொஞ்ச காலம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஆனாலும் நம்பாமல் பின்னாலேயே வருவார்கள். இப்போது மறுபடியும் ஆமாம் என்றே சொல்கிறேன். அதோடு விட்டுவிடுகிறார்கள்.

அப்போது நான் ஒரு செல்போன் கம்பெனியில் லைனில் வேலை செய்துகொண்டிருந்தேன். போனின் பின்மூடியை ஒட்டுவதற்கு முன் உள்ளே தூசி கிடக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எங்கள் லைனில் எல்லோரையும் ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒரே பெயரில் அரை டஜன் பேர் இருக்கும் இடத்தில் வேறு வழியில்லை. நான் மண்ணூர். எனக்கு எதிரே நிற்பவள் தென்காசி. பேக்கிங் பக்கம் நின்றவள் திருவண்ணாமலைக்காரி, அவளை அண்ணாமலை என்போம். நான்காவது ஒருத்தி ஒடிசாவிலிருந்து வந்தவள். அவள் ஊர்ப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் அவள் ஒடிசா. நான் மட்டும் வீட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவேன். மற்ற மூவரும் கம்பெனி ஹாஸ்டலில் இருந்தார்கள்.

கம்பெனியில் பேமிலி டே கொண்டாடினார்கள். மேடை, ஒலி, பாட்டு எல்லாவற்றையும் ஏற்பாடு செய்ய சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். விளம்பரங்களுக்கு இசை போடுகிறவர். நாற்பது வயதைத் தாண்டியிருந்தாலும் ஒரு காதில் கடுக்கன் போட்டிருப்பார். எங்களுக்கு அவர் கடைசி வரை சார்தான். ஹாஸ்டல் பெண்கள் எல்லோரும் போனில் கொரியா நாடகமும் கொரியா பாட்டும் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்திருக்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் கொரியா எழுத்தில் போர்டு வைத்த ஓட்டல்களையும் பார்த்திருக்கிறார். அதிலிருந்து அவருக்கு ஒரு யோசனை வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேன்டீனில் தேர்வு நடந்தது. பாடத் தெரிந்தவர்கள், ஆடத் தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். நான் சர்ச் கோயரில் பாடிக்கொண்டிருந்தவள். தென்காசி இழுத்துக்கொண்டு போனதால் போனேன். கடைசியில் எங்கள் நால்வரை நிறுத்திவைத்து சார் பேசினார்.

"கொரியாவுல பொண்ணுங்களைத் தேடிப் பிடிச்சு, ஒரே வீட்டுல வச்சு, ஆடப் பாடக் கத்துக்குடுத்து குரூப்பா வெளிய விடறாங்கம்மா. அவங்க இங்க வந்து காரு செய்யறாங்க, போன் செய்யறாங்க. நாம ஏன் அவங்க மாதிரி ஒரு குரூப் செய்யக் கூடாது?"

செய்வது என்றே அவர் சொன்னார். எங்களுக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. நாள் முழுக்க நாங்கள் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டுதானே இருந்தோம்.

என்னை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். தென்காசிக்குக் குரல், அண்ணாமலைக்கு முகம், ஒடிசாவுக்கு ஆட்டம். எனக்கு இவை மூன்றிலும் பாதிப் பாதிதான் இருந்தது.

"நீ உள்ளூர்ப் பொண்ணு. ஜனங்க உன்னைப் பார்த்தா நம்ம தெருப் பொண்ணுன்னு நினைக்கணும். அதுக்கு ஒருத்தி வேணும்" என்றார்.

அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை.

"கம்பெனி பஸ்ஸு ரோட்டாண்ட வந்து ஏத்திக்கினு போவுது. அத்த வுட்டுட்டு இன்னாத்துக்கு பாட்டு, டேன்ஸு?"

"கான்ட்ராக்டு முடியப் போவுதும்மா. புதுசா ஆளு எடுக்கற வரைக்கும் வூட்லதான் குந்திக்கினு இருக்கணும்."

"இரேன். உனக்கு சோறு போட மாட்டனா நானு?"

சொன்னாளே தவிர, மறுநாளே சேலையை மாற்றிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டாள். போரூரில் சார் எங்களுக்காகப் பிடித்திருந்த வீட்டைப் பார்க்கத்தான். அறைகளைப் பார்த்தாள். சமைக்க வைத்திருந்த அக்காவிடம் அவர் ஊர், குடும்பம் எல்லாம் விசாரித்தாள். பாத்ரூம் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் போட்டுத் திறந்து பார்த்தாள். "தாப்பா நல்லா கீது" என்றாள். அதுதான் அவள் தந்த சம்மதம்.

கான்ட்ராக்டு முடிந்ததும் நால்வரும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். காலையில் எழுந்ததும் ஓட்டம், பிறகு ஆட்டம், மதியம் பாட்டு, சாயங்காலம் மறுபடி ஆட்டம். சொல்லிக்கொடுக்க வந்த மாஸ்டர் கொரியா வீடியோவைச் சுவரில் ஓடவிட்டு, "அந்தக் கை, அந்தக் கை" என்று கத்துவார். எங்கள் உடம்புக்கு நிற்கும் பழக்கம் இருந்தது, குதிக்கும் பழக்கம் இல்லை. அண்ணாமலைக்கு முட்டி வீங்கியது. தென்காசி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள்.

ஒவ்வொருத்தியும் மேடையில் எப்படி இருக்க வேண்டும் என்றும் சார் முடிவு செய்தார். அண்ணாமலை அழகி. தென்காசி வாயாடி. நான் பக்கத்து வீட்டுப் பெண். ஒடிசா சோகமானவள், அதிகம் பேசாதவள். எங்கள் நால்வரில் அதிகம் சிரிப்பவள் ஒடிசாதான். குழம்பில் உப்பு கூடினாலும் சிரிப்பாள், கால் தடுக்கி விழுந்தாலும் சிரிப்பாள். அவளைப் பார்த்து, "நீ சிரிக்கக் கூடாது" என்று சார் சொன்னபோது அவளுக்கு விளங்கவில்லை.

"ஏன் சார்? பல் நல்லா இல்ல?"

"பல் நல்லாத்தான் இருக்கு. நீ சோகமா இருந்தா ஜனங்களுக்குப் பிடிக்கும்."

அன்று முதல் அவள் கண்ணாடி முன் நின்று சிரிக்காமல் இருக்கப் பழகினாள். பழகும்போதே சிரிப்பு வந்துவிடும். பின்னால் நிற்கும் எங்களையும் அது தொற்றிக்கொள்ளும்.

பாட்டு, ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண்ணைப் பற்றியது. நால்வரையும் தனித்தனியாகக் கண்ணாடி அறைக்குள் நிறுத்திப் பதிவு செய்தார்கள். முடிந்த பாட்டைப் போட்டுக் காட்டியபோது நான்கு குரல் கேட்டது. நான்குமே தென்காசியின் குரல். அவளையே ஒன்றன்மேல் ஒன்றாகப் பாடவைத்து அடுக்கியிருந்தார்கள்.

"மத்தவங்க குரல் மிக்ஸிங்ல ஒட்டலம்மா" என்று சார் தலையைச் சொறிந்தார். "மேடையில எப்படியும் டிராக்தான் ஓடும். நீங்க வாயசைச்சா போதும்."

குரல் அவளுடையது. ஆனால் வீடியோவில் அவளைப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். எங்களைவிடக் குட்டை, நிறமும் கம்மி என்று மாஸ்டர் அவள் காதுபடவே சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. அவள் தோளைக் குலுக்கினாள்.

"நான் எங்க நின்னா என்ன ளா? கேக்கவங்களுக்கு என் குரல்தான கேக்கும்."

அந்தப் பாட்டு அப்படி ஓடும் என்று சார்கூட எதிர்பார்க்கவில்லை. முதலில் எங்கள் பழைய ஹாஸ்டல் பெண்கள் மாடிப்படியில் ஆடி ரீல்ஸ் போட்டார்கள். அதைப் பார்த்து ஒரகடம் பக்கத்துக் கம்பெனிப் பெண்கள், பிறகு திருப்பூர், ஓசூர் என்று எங்கெங்கிருந்தோ. கம்பெனி பஸ் டிரைவர்கள் அதைப் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டினார்கள். சுங்குவார்சத்திரம் டீக்கடைகளில் காலை ஷிப்டுக்கு ஒருமுறை, மாலை ஷிப்டுக்கு ஒருமுறை ஓடும் என்று தம்பி போனில் சொல்வான். மால் திறப்பு, காஞ்சிபுரம் பட்டுக் கடை, கல்லூரி விழா என்று எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு திரிந்தார்கள். ஒரே மாதிரி தைத்த நீலச் சட்டையும் தொப்பியும் எங்கள் உடை. லைனில் போடுகிற மேல்கோட்டைக் கொஞ்சம் அழகாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

எனக்கு அது பிடித்திருந்தது. சின்னப் பெண்கள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு மாலில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேராக வந்திருந்த பெண்கள் முதல் வரிசையில் நின்று எங்களோடு ஒவ்வொரு வரியையும் பாடினார்கள். என் வாய்தான் அசைந்தது, பாடியது அவர்கள். ஆனாலும் என் கண் கலங்கிவிட்டது.

பிறகு டிவியில் கூப்பிட்டார்கள். மண்ணூரில் அம்மா எங்கள் தெருவையே வீட்டுக்குள் கூட்டி உட்கார வைத்திருந்தாள். நிகழ்ச்சி நடத்திய பெண் ஒவ்வொருவராக எங்களை அறிமுகப்படுத்தினார். ஒடிசாவிடம் வந்தபோது மெதுவான வயலின் ஒலித்தது.

"சின்ன வயசுல புயல்ல அப்பா, அம்மா ரெண்டு பேரையும் பறிகொடுத்துட்டு, யாருமே இல்லாம ரயிலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தவங்க இவங்க..."

தன் பக்கம் கேமரா திரும்பினால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் குனிந்துகொண்டாள். பார்வையாளர்களில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். அவ்வளவு வேகமான தமிழ் அவளுக்குப் புரியாது. எங்களுக்குப் புரிந்தது. அவள் தினமும் அப்பாவிடம் வீடியோவில் பேசுவாள், எங்களையும் கூப்பிட்டுக் காட்டுவாள். வயலில் நின்றுகொண்டு கையாட்டும் அந்த மனிதரை நாங்கள் மூவரும் பார்த்திருக்கிறோம். தென்காசி என் தொடையைக் கிள்ளினாள். ரத்தம் கட்டும் அளவுக்குக் கிள்ளினாள்.

வேனில் ஒடிசா கேட்டாள். "அக்கா, அவங்க என்ன சொன்னாங்க? எல்லாரும் அழுதாங்க."

தென்காசி அதைச் சொல்லிவிட்டாள், மெதுவாக, அவளுக்குப் புரியும் சொற்களில். ஒடிசா, தமிழ் டிவிதானே, நம் ஊரில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

ஆனால் யாரோ அந்தத் துண்டை வெட்டி, அடியில் ஒடியா எழுத்தும் போட்டு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் மதியச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய அப்பா கூப்பிட்டார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள்.

"அப்பா கேக்கறான், 'நான் எந்தப் புயல்ல செத்தேன்? புயல் பேர் சொல்லு'ன்னு."

"கேக்காருன்னு சொல்லு ளா" என்று தென்காசி திருத்தினாள்.

ஊரில் பார்த்தவர்களெல்லாம் அவரை, "செத்தவரே, டீ குடிக்க வாங்க" என்று கூப்பிடுகிறார்களாம். அதைக்கூட அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுடைய அம்மாதான் போன் பக்கமே வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

ஒடிசா சாரிடம் போய் நின்றாள். "சார், பொய்னு டிவில சொல்லுங்க."

சார் முகம் வாடிவிட்டது. அந்தக் கதையை எழுதிக் கொடுத்தது அவர்தான். "இப்பச் சொன்னா எல்லாமே போயிடும்மா. ரெண்டாவது பாட்டு வரட்டும். அப்புறம் நானே சொல்றேன். உனக்கு வாக்கு குடுக்கறேன்."

இரண்டாவது பாட்டு வந்தது. முதல் பாட்டின் பாதி அளவுக்குக்கூட ஓடவில்லை. அதனால் சார் இன்னும் பயந்துவிட்டார். மூன்றாவது பாட்டு வரட்டும் என்றார்.

இதெல்லாம் வெடித்தது ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு பொறியியல் கல்லூரியின் ஆண்டு விழாவில். திறந்தவெளி மேடை. எங்களை அறிமுகப்படுத்திய மாணவன் ஒடிசாவின் சோகக் கதையை மனப்பாடமாகச் சொன்னான். கூட்டத்தில் எல்லோரும் போன் விளக்கை ஏற்றிப் பிடித்தார்கள். அவளுக்கு அப்போது தமிழ் நன்றாகவே புரியும்.

டிராக் தொடங்கியது. நாங்கள் மூவரும் ஆடத் தொடங்கினோம். அவள் அசையவில்லை. கையிலிருந்த மைக்கை வாயருகே கொண்டுபோய் ஏதோ பேசினாள். சத்தம் வரவில்லை. மேடையில் எங்கள் கையில் இருப்பவை எப்போதுமே உயிரில்லாத மைக்குகள்தான், அது அவளுக்கும் தெரியும். ஆவேசத்தில் மறந்திருப்பாள். மைக்கைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி பேசினாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, மேடை விளிம்புக்கு ஓடிப்போய்த் தொண்டை கிழியக் கத்தினாள்.

"எனக்கு அப்பா இருக்கு! அம்மா இருக்கு! ரெண்டு பேரும் நல்லா இருக்கு!"

அவள் கத்துகிறாள், மைக் தரையில் உருள்கிறது, பின்னால் நான்கு குரல் இனிமையாகப் பாடிக்கொண்டே இருக்கிறது. முன்வரிசையில் இருந்தவர்கள் அத்தனையையும் படம் எடுத்தார்கள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது எல்லா போனிலும் வந்துவிட்டது. கதையும் பொய், குரலும் பொய் என்று எழுதினார்கள். வாயை மட்டும் அசைத்து எங்களைக் கேலி செய்த வீடியோக்கள் வரிசையாக வந்தன. எங்கள் பாட்டுக்கு ஆடிய அதே பெண்கள் சிலரும் அதில் இருந்தார்கள்.

வேனில் அண்ணாமலைதான் வெடித்தாள்.

"உனக்கு அப்பா கீறாரு, அம்மா கீறாங்க. போயி சேந்துக்குவ. நான் எங்கடி போவேன்? நிச்சயம் பண்ண எடத்த வேணாம்னு சொல்லிட்டு வந்தவ நானு. ஊருக்குள்ள கால் வைக்க முடியுமா இனிமே?"

அண்ணாமலை அழுது ஓய்ந்ததும் ஒடிசா அவளுடைய வீங்கிய முட்டியைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் தடவிவிட்டாள். அண்ணாமலை காலை இழுத்துக்கொள்ளவில்லை. ஒடிசா மேல் கோபப்பட எனக்குத் தோன்றவில்லை. அண்ணாமலை மேலும் தோன்றவில்லை.

மறுநாள் காலை சார் இட்லிப் பொட்டலத்தோடு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நாங்கள் தயாராக இருந்தோம். அவர் தரையில் உட்கார்ந்து, தன் போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். தலைமுடிக்கு மஞ்சள் சாயம் அடித்த நான்கு பையன்கள், பளபளக்கும் சட்டைகள். ஓரத்தில் கடுக்கனோடு நிற்பவர் இவர்.

"சிடி காலத்துல நானும் ஒரு குரூப்ல இருந்தேம்மா. ஒரு ஆல்பம் போட்டோம். ஆறு மாசம் எங்க போனாலும் கூட்டம். நான் பெரம்பூர்ல பொறந்தவன். என்னை மலேசியாவுல பொறந்து வளர்ந்தவன்னு சொல்லி வச்சாங்க. பேட்டியில எல்லாம் தமிழ் சரியா வராத மாதிரியே பேசினேன். எங்கப்பா அதைப் படிச்சிட்டு, 'ஏன்டா, பெரம்பூர்னு சொல்லிக்கக் கேவலமா இருக்கா உனக்கு'ன்னு கேட்டாரு. ரெண்டாவது ஆல்பம் ஓடல. அதோட எங்களை யாரும் தேடல."

இட்லிப் பொட்டலத்தின் நூலைப் பிரிக்காமல் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு ஒடிசாவைப் பார்த்தார்.

"எங்கப்பா மூஞ்சி நல்லா ஞாபகம் இருக்கு எனக்கு. அப்படி இருந்தும் அதையே உங்கப்பாவுக்குச் செஞ்சேன் பாரு. மன்னிச்சிரும்மா."

அவள், "சரி சார், சாப்பிடுங்க" என்றாள். அன்றே அவர் ஒரு வீடியோ எடுத்துப் போட்டார். அவளும், போனில் அவள் அப்பாவும், பக்கத்தில் சாரும். பொய் சொன்னது நான்தான், இந்தப் பெண்ணுக்கு இதில் பங்கில்லை என்று தன் வாயால் சொன்னார். கேலி வீடியோக்களைப் பார்த்தவர்களில் சிறு பங்குகூட இதைப் பார்க்கவில்லை. ஆனால் பார்க்க வேண்டியவர் ஒருவர் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலம் ஒடிசாவின் அம்மா போனில் வந்தார். அவள் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். சாப்பாடு ஆறும் வரை கீழே வரவில்லை.

அதற்குப் பிறகு சார் உண்மையான மைக் கொடுத்துத்தான் எங்களை மேடையேற்றினார். தென்காசியை முன்னால் நிறுத்தினார். நாங்கள் மூவரும் பின்னால் நின்று எங்களால் முடிந்த அளவு சேர்ந்து பாடினோம். கொரியா ஆட்டம் ஆடிக்கொண்டே பாடினால் மூச்சு வாங்குகிறது என்பதால் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டோம். அப்படிப் பார்த்தால் அந்தக் கடைசிச் சில மாதங்களில்தான் நாங்கள் நன்றாகப் பாடினோம். ஆனால் கூப்பிட ஆளில்லை. கூப்பிட்டவர்களும் முன்பு போல மேடை போடாமல் வாசலில் ஒரு கம்பளம் விரித்தார்கள். கடைசியாகப் பாடியது ஒரகடத்தில் ஒரு பர்னிச்சர் கடைத் திறப்பில். ஜனங்கள் சோபாவில் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்துக்கொண்டே எங்கள் பாட்டைக் கேட்டார்கள். பாதிப் பாட்டில் குலுக்கல் அறிவிப்பு வந்தது. முதலாளி சைகை காட்டினார், நிறுத்திக்கொண்டோம். தென்காசி மட்டும் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பாட்டைத் தனக்கே மெதுவாகப் பாடி முடித்தாள்.

போரூர் வீட்டைக் காலி செய்தோம். ஒடிசாவை அழைத்துப் போக அவள் அப்பா வந்தார். ரயில் மறுநாள்தான் என்பதால் இருவரையும் மண்ணூருக்குக் கூட்டிப் போனேன். போனில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு டப்பா. அதற்குள் அரிசி மாவும் தேங்காயும் வெல்லமும் சேர்த்துச் சுட்ட, மேலே கறுத்த ஒரு பலகாரம். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். மீன் தலை அவருக்குத்தான் என்று அம்மா சைகையில் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இலையில் சோறு விழுந்துகொண்டே இருந்தது. அவர் மகளிடம் என்னவோ சொன்னார், அவள் சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னாள்.

"செத்தவனுக்கு இவ்ளோ சோறா, கேக்கறாரு அப்பா."

கேக்கறாரு என்று சரியாகச் சொன்னாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பேச்சே வாணாம்னு சொல்லுடி அவரண்ட. நூறு வயசு இருப்பாருன்னு சொல்லு. நல்லா துன்னச் சொல்லு."

அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவர் கைகூப்பினார். அம்மா பதிலுக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

ஒடிசா ஊருக்குப் போய் ஓராண்டு இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். இப்போது ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் லீடர். புதிதாக வரும் வடநாட்டுப் பெண்களுக்கு அவள்தான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். நானும் அந்தப் பக்கம்தான் வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். இன்டர்வியூவில் எச்.ஆர். பெண் என்னைப் பார்த்ததும் புன்னகைத்து, "ஒரு தடவை பாடிக் காட்டுங்களேன்" என்றார். பாடினேன். வேலை கிடைத்ததற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணாமலை ஊரில் போய்த் தங்கவில்லை. சுங்குவார்சத்திரத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டு வந்த அதே ஆள், வேறு யாரையும் பார்க்காமல் இருந்து, தேடி வந்து அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். இதை யாராவது கதையாகச் சொல்லியிருந்தால் சார் எழுதிக் கொடுத்தது என்று நினைத்திருப்பேன். கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் போய்த் திருவண்ணாமலை வெயிலில் வதங்கிவிட்டு வந்தோம்.

தென்காசி சொந்த ஊருக்குப் போய் அங்கே கல்யாணக் கச்சேரிகளில் பாடிக்கொண்டிருந்தாள். சென்ற ஆண்டு ஒருநாள் பகலில், ஸ்ரீபெரும்புதூரில் சாரைப் பார்த்தேன். கடுக்கன் இல்லை, முடி நன்றாக நரைத்திருந்தது. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறார், இடையில் விளம்பர வேலை ஏதாவது வந்தால் செய்கிறார். டீ வாங்கிக் கொடுத்தார். எல்லோரையும் விசாரித்தார்.

"தென்காசி நம்பர் இருக்காம்மா? ஒரு விளம்பரம் வந்திருக்கு. அவ குரல்தான் வேணும் எனக்கு."

"அவ குரலு அவ பேர்லயே வருமா சார்?"

கேட்ட பிறகுதான் சுருக்கென்று இருந்திருக்குமோ என்று தோன்றியது. அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "விளம்பரத்துல யார் பேரும் வராதும்மா. ஆனா ஒரு குரல்னா அது ஒருத்தருதுதான். நாலா அடுக்க மாட்டேன்" என்றார். நம்பரைக் கொடுத்தேன். தென்காசி வந்து பாடிக் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கி, அம்மாவோடு சேர்ந்து முறுக்குச் சுட்டுவிட்டுப் போனாள்.

போன மாதம் ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எஃப்.எம்.மில் ஏதோ சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தது. முதல் சொல்லிலேயே அவள் குரல் என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையைப் பிடித்து, "இது என் பிரண்டு" என்றேன். அவள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, "யாரு?" என்றாள். அதற்குள் விளம்பரம் முடிந்து செய்தி வந்துவிட்டது. "நல்லா பாடுவா" என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள்.